சீமான் கப்பல் சிதம்பரமான கதை

ஜெட் விமானம் வந்தபின் பெருங்கடல் கடக்கும் பயணிகள் கப்பல்களில் பல, உடைக்கும் துறைக்குப் போயின. தப்பியவை உல்லாசக் கப்பலாக வேஷம் மாற்றிக்கொண்டன. 'பாஸ்தர்' இரண்டும் செய்யாமல் கூலிக்காரர்கள் பக்கம் வந்து சேர்ந்தது.

பிரான்சின் டன்கிர்க்கில் 1966-ல் நீரில் இறக்கிய கப்பல் அது. நீளம் 174 மீட்டர், மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 18,000 டன். மெசஜெரி மாரிடீம் கம்பெனி அதை ஐரோப்பாவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் இடையே ஓட்டியது. பயணிகள் நானூறு சொச்சம் பேர்தான். சரக்குக்கு ஏகப்பட்ட இடம். ஆறே வருஷத்தில் விற்றுவிட்டார்கள்.

வாங்கியது இந்தியக் கப்பல் கழகம், 1972-ல். வைத்த பெயர் 'சிதம்பரம்'. எனக்கு அந்தப் பெயரில் தில்லைக் கோயில் தெரிவதில்லை, வ.உ.சி.தான் தெரிகிறார், அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த வருஷமும் அதுவே. 1906-ல் எந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியை எதிர்த்து அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினாரோ, அதே கம்பெனியின் 'ரஜூலா', 1926-ல் கட்டிய கிழட்டுக் கப்பல், மலாயாப் பாதையில் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இடத்துக்குத்தான் 'சிதம்பரம்' வந்தது.

உல்லாசக் கப்பலாக்குகிறவர்கள் நீச்சல் குளம் சேர்ப்பார்கள். இங்கே அடுக்குக் கட்டில் சேர்த்தார்கள். நானூறு பேர் போன கப்பலில் ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் இடம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர். நாகையில் கப்பல் கரையை அணையாது. தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். பெட்டியோடும் பிள்ளையோடும் அலையில் ஆடுகிற படகிலிருந்து ஏணியைப் பிடிப்பது லேசான காரியமல்ல.

சென்னையில் ஏறுகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து சபுராளிகள், அதாவது பிழைப்புக்காகக் கடல் கடப்பவர்கள், மீட்டர்கேஜ் ரயிலில் தாம்பரம் வழியாக வருவார்கள். குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் ஒரு ராத்தங்கல். மறுநாள் மின்சார ரயில். தாம்பரத்தையும் பீச் ஸ்டேஷனையும் அது 1931-லேயே இணைத்துவிட்டது. பீச்சில் இறங்கினால் துறைமுகம் எட்டின தூரம். திரும்பும்போது அதே ரயிலில் கோடாலித் தைலமும் டிரான்சிஸ்டரும் கைலிக் கட்டும் ஏறும்.

கப்பலுக்கு எமனும் அந்தத் தடத்தின் ஓரத்திலேயே, மீனம்பாக்கத்தில், இருந்தான். விமானத்தில் நாலு மணி நேரம். கப்பலில் கிட்டத்தட்ட ஒரு வாரம். ஆனாலும் ஜனங்கள் கப்பலை விடவில்லை. டிக்கெட் மலிவு என்பது பாதிக் காரணம்தான். பெட்டி பெட்டியாகச் சாமான் ஏற்றலாம் என்பதுதான் பெரிய காரணம் என்பேன். வெளிநாட்டிலிருந்து வெறுங்கையோடு ஊர் திரும்ப முடியுமா?

1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். கப்பல் மறுபடி பயணிகளை ஏற்றவில்லை; அதே ஆண்டு பம்பாயில் உடைத்துவிட்டார்கள். பத்தொன்பது வயது, கப்பலுக்கு அது சாகும் வயதல்ல. அதற்குப் பதில் வேறு கப்பலும் வரவில்லை. இன்று சிங்கப்பூருக்குப் போகிறவர் தாம்பரத்தில் ரயிலேறித் திரிசூலத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி விமான நிலையத்துக்குள் நுழைகிறார். எடை கூடிப்போனால் கவுண்டர் முன்னாலேயே பெட்டியைத் திறந்து எதை விடுவது என்று வீட்டுக்காரியோடு தர்க்கம் செய்கிறார்.