‘திருமதி’ என்னும் தகுதி: 2021ஆம் ஆண்டு மணிமுடிச் சர்ச்சை பற்றி வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு நோக்கு

2021 ஏப்பிரல் 4ஆம் நாள் கொழும்பு தாமரைத் தடாகம் கலையரங்கிலே திருமதி இலங்கை அழகுராணிப் போட்டியின் இறுதிச் சுற்று நடைபெற்றது. புஷ்பிகா டி சில்வா வெற்றியாளராக அறிவிக்கப்பட்டு முடி சூட்டப்பெற்றார். சிறிது நேரத்தில், முன்னைய அழகுராணியும் அப்போது உலகத் திருமதி என்னும் பட்டத்தை வகித்தவருமான கரோலின் ஜூரி ஒலிவாங்கியின் முன் வந்து, இப்போட்டி மணமானவர்க்கே உரியது, விவாகரத்துப் பெற்றவர்க்கு உரியதன்று என்று கூறினார். பின்னர் வெற்றியாளரின் தலையிலிருந்த முடியைக் கழற்றி, அடுத்த இடத்தைப் பெற்றவரின் தலையிற் சூட்டினார். முடியிழந்தவர் மேடையை விட்டு வெளியேறினார். தலையிற் காயமுற்றதாகக் கூறி மருத்துவமனையிற் சிகிச்சையும் பெற்றார்.

தாம் கணவரைப் பிரிந்து வாழ்பவரேயன்றி விவாகரத்துப் பெற்றவர் அல்லர் எனப் புஷ்பிகா டி சில்வா விளக்கினார். அமைப்பாளர் அதனை ஏற்று, இரு நாட்களில் முடியை அவரிடம் மீள ஒப்படைத்தனர். ஏப்பிரல் 8ஆம் நாள் கரோலின் ஜூரியும் மற்றொரு முன்னாள் அழகியும் பொலிசாராற் கைது செய்யப்பட்டுப் பிணையில் விடப்பட்டனர். பின்னர் கரோலின் ஜூரி உலகப் பட்டத்தைத் துறந்தார். செய்தி பல நாட்டு ஊடகங்களில் வேடிக்கையாக வலம் வந்து ஓய்ந்தது.

ஒரு மேடையில் நிகழ்ந்த பண்பற்ற செயலாக மட்டும் இதனைக் கருதி விட்டுவிடுதல் எளிது. அழகுப் போட்டி என்பதே நமது பண்பாட்டுக்கு ஒவ்வாதது, அங்கு வேறெதை எதிர்பார்க்கலாம் என்று கூறி ஒதுக்கிவிடுதல் அதனினும் எளிது. இவ்விரு நோக்குகளும் சர்ச்சையின் மையத்தைத் தொடவில்லை என்பது நமது கருத்து. அன்று மேடையில் எழுந்த வினா அழகு பற்றியதன்று. ஒரு பெண் மனைவியா, மனைவி அல்லளா என்பதே வினா. அவ்வினாவுக்கு விடை கூறும் உரிமை அவளிடம் இருக்கவில்லை. வடபுலத்துப் பெண்களுக்கு இந்நிலை மணிமுடியோடு தொடர்புற்ற ஒன்றன்று. வீட்டோடும் காணியோடும் தொடர்புற்றது. ஆதலின், கொழும்பு மேடையை வல்வெட்டித்துறையிலிருந்து நோக்குதல் பயனுடையதாகும்.

முதற்கண் இப்போட்டிகளின் வரலாற்றைச் சுருங்க நோக்குவோம். அமெரிக்காவின் அத்திலாந்திக் சிற்றி என்னும் கடற்கரை நகரில் 1921இல் தொடங்கிய போட்டியே இத்தகையவற்றுள் பெயர்பெற்ற முன்னோடி. கோடை கழிந்த பின்னரும் உல்லாசப் பயணிகளை நகரில் தங்கச் செய்யும் வணிக நோக்கிலே அது பிறந்தது. 1968 செப்டெம்பரில் அந்நகரிலேயே பெண்விடுதலை இயக்கத்தினர் செம்மறியாடு ஒன்றுக்கு முடி சூட்டித் தமது எதிர்ப்பைக் காட்டினர். 1970 நவம்பரில் இலண்டன் அல்பேட் மண்டபத்தில் நடந்த உலக அழகிப் போட்டியைப் பெண்கள் மாப்பொட்டலங்களை வீசி இடைநிறுத்தினர். இவ்வெதிர்ப்புக்களின் இலக்கு மேடையில் நின்ற பெண்களல்லர்; பெண்ணைப் பண்டமாக்கி மதிப்பிடும் அமைப்பே.

1996இல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது நிலைமை வேறாயிற்று. பெண்ணுடலை வணிகமாக்குதலை எதிர்த்த முற்போக்கு அமைப்புக்களும், பண்பாட்டுத் தூய்மை பேசிய வலதுசாரிகளும் ஒரே காலத்தில் தெருவுக்கு வந்தனர். மதுரையில் இளைஞர் ஒருவர் தீக்குளித்து உயிர்நீத்தார். நீச்சலுடைச் சுற்று சீசெல்சுத் தீவுகளுக்கு மாற்றப்பட்டது, போட்டி நின்றுவிடவில்லை. இரு தரப்பினரும் ஒரே முழக்கத்தை எழுப்பியதுபோலத் தோன்றினும், ஒருவர் பெண்ணின் உரிமையையும் மற்றவர் பெண்ணின் கற்பையும் பேசினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. இவ்வேறுபாட்டை மறந்தால் 2021ஆம் ஆண்டுச் சர்ச்சையையும் நாம் பிழையாக விளங்கிக்கொள்ள நேரும்.

போட்டி விதிகளுள் திருமண நிலை பெற்ற இடமும் நோக்கத்தக்கது. பிரபஞ்ச அழகிப் போட்டி நெடுங்காலம் மணமாகாதவர்க்கே திறந்திருந்தது. 2023ஆம் ஆண்டுப் போட்டி முதற்கொண்டே மணமானவரும் தாய்மாரும் அனுமதிக்கப்பட்டனர். 2018இல் உக்ரேன் அழகியாகத் தெரிவுசெய்யப்பட்ட வெரோனிக்கா டிடுசென்கோ, விவாகரத்துப் பெற்றவர், ஒரு குழந்தைக்குத் தாய் என்று அறியப்பட்டதும் பட்டத்தை இழந்தார். ஒருபுறம் நெடுங்காலம் கன்னியரே தகுதியுடையோராயிருந்தனர்; மறுபுறம் ‘திருமதி’ப் போட்டிகளில் மனைவியரே தகுதியுடையோர். இரண்டுக்கும் இடைப்பட்ட பெண்ணுக்கு எவ்விடத்தும் இடமிருக்கவில்லை. ஆணுடனான உறவைக் கொண்டு பெண்ணை வகைப்படுத்தும் பழைய முறையே இரு போட்டிகளுக்கும் பொதுவான அடித்தளம் எனலாம்.

இலங்கை இவ்வரங்கிற்குப் புதியதன்று. 1955இல் மோரீன் ஹிங்கேட் பிரபஞ்ச அழகிப் போட்டியில் மூன்றாமிடத்தைப் பெற்றார். உலகத் திருமதிப் பட்டம் 1984இல் முதன்முறை வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவர் இலங்கையரான ரோசி சேனாநாயக்க. அவர் பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் கொழும்பு மாநகர முதல்வராகவும் விளங்கினார். 1973இல் இலங்கை அழகியாகத் தெரிவான சிராந்தி ராஜபக்ச பின்னர் நாட்டுத் தலைவரின் துணைவியாரானார். மேற்றட்டினர்க்கு முடி சமூக ஏணியின் ஒரு படியாகவும் அமைந்தது என்பதற்கு இவை சான்றுகள்.

ஆனால், முடி எல்லார்க்கும் ஏணியாகவில்லை. கதிர்காமத்தில் சித்திரைப் புத்தாண்டு அழகுராணியாகத் தெரிவுசெய்யப்பட்டவர் பிறேமாவதி மனம்பேரி என்னும் எளிய குடும்பத்து இளம்பெண். 1971 ஏப்பிரல் கிளர்ச்சியின்போது படையினர் அவரைப் பிடித்துச் சென்று, ஆடை களைந்து தெருவில் நடத்திச் சுட்டுக் கொன்றனர். படையினர் இருவர் பின்னர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். கொழும்பு மேடையில் முடி பறிக்கப்பட்டதற்குச் சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன், அதே ஏப்பிரல் மாதத்தில், இது நிகழ்ந்தது. இரு நிகழ்ச்சிகளையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. ஒன்று கொலை, மற்றது அவமதிப்பு. எனினும், பிறர் சூட்டும் முடி பெண்ணுக்கு எவ்வித உரிமையையும் தருவதில்லை என்ற உண்மையை இரண்டும் உணர்த்துகின்றன.

உரிமை எங்கிருந்து வருகிறது என வினவின், சட்டத்தை நோக்க வேண்டும். இலங்கையின் பொதுச் சட்டத்தில், 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு மூன்று காரணங்களையே வகுத்தது: திருமணத்தின் பின் பிறர்மனை நாடல், வன்மத்துடன் கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. இருவரும் ஒத்துப் பிரிய விரும்புவது அங்கு ஒரு காரணமாக இடம்பெறவில்லை. கண்டிச் சட்டத்தின் கீழ் மணந்தோர்க்கு 1952ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வசதியை வழங்கியது. ஏனையோர் ஒருவர்மீது ஒருவர் குற்றஞ்சாட்டி வழக்காட வேண்டும். இதனாற் பிரிந்து வாழ்ந்தும் ஏட்டில் மனைவியராகவே நீடிப்போர் பலர். ‘பிரிந்தவர், ஆனால் விவாகரத்துப் பெறாதவர்’ என்ற விளக்கம் ஒரு தனிமனிதரின் சாமர்த்தியமன்று. சட்டம் உருவாக்கிய ஒரு சமூக நிலையாகும்.

வடமாகாணத் தமிழர்க்கு இதன்மேலும் ஒரு சட்டம் உண்டு. யாழ்ப்பாண மக்களின் வழக்கங்களை ஒல்லாந்தரின் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தார். பன்னிரு முதலிமார் அதனைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தனர். பிரித்தானியர் 1806இல் அதற்குச் சட்ட வலுவளித்தனர். இதுவே தேசவழமை. சீதனம், முதுசம், தேடிய தேட்டம் என்ற பாகுபாடு அதன் உயிர்நாடி. பெண்ணுக்கு வீடும் காணியும் அவள் பெயரிலேயே எழுதிக் கொடுக்கப்படுதலைக் கண்டு, யாழ்ப்பாணப் பெண் சொத்துரிமையில் முன்னின்றவள் என்று பெருமை பேசுவாருளர். அப்பெருமையில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையா ஆதனத்தைக் கணவனின் எழுத்துமூலமான சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. பொதுச் சட்டத்தின் கீழான மனைவியர்க்கு 1923ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இத்தடையை நீக்கியது. தேசவழமைக்கு உட்பட்ட தமிழ்ப் பெண்கள் அதன் பயனிலிருந்து வெளிப்படையாகவே விலக்கப்பட்டனர்.

1911ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு புறவாயிலையும் வைத்தது. கணவன் கைவிட்டாலோ, இருவரும் ஒத்துப் பிரிந்து வாழ்ந்தாலோ, கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, மனைவி மாவட்ட நீதிமன்றில் மனுச்செய்து அனுமதி பெறலாம். கணவனின் கையொப்பத்திற்குப் பதிலாக நீதிபதியின் கையொப்பம். எந்நிலையிலும் அவளது கையொப்பம் மட்டும் போதியதாகக் கொள்ளப்படவில்லை.

இச்சட்ட வாசகங்கள் வல்வெட்டித்துறையில் வெறும் ஏட்டுச் சொற்களல்ல. இது கடலோடிகளின் ஊர். இங்கு கட்டப்பட்ட பாய்க்கப்பல்கள் நாகபட்டினத்திற்கும் இறங்கூனுக்கும் சென்று வணிகம் செய்தன. ஆடவர் மாதக்கணக்கிற் கடலில் இருக்க, வீட்டையும் காணியையும் பிள்ளைகளையும் பெண்களே பேணினர். இங்கு கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் கப்பலை அமெரிக்கரான றொபின்சன் விலைக்கு வாங்கினார். ஊர் மாலுமிகள் அதனை அத்திலாந்திக் மாகடல் கடந்து செலுத்தி, 1938இல் மசாசூசெற்சு மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்திற் கொண்டுசேர்த்தனர். அச்சாதனையை ஊர் இன்றும் போற்றுகின்றது. கப்பலின் புதிய பெயரை நாம் அவ்வளவாகச் சிந்தித்ததில்லை. உணவளிக்கும் தெய்வத்தின் பெயர் நீக்கப்பட்டு, உரிமையாளரின் மனைவியின் பெயரான ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ சூட்டப்பட்டது. பெயரிலே பெண் இருந்தாள். உரிமை ஆணிடம் இருந்தது. யாழ்ப்பாணத்துச் சீதன உறுதிக்கும் இவ்வுருவகம் பொருந்தும்.

கடலிற் சென்றவர் பெரும்பாலும் திரும்பினர். போர்க்காலத்திற் போனவர் பலர் திரும்பவில்லை. 1989 ஓகஸ்டில் இந்திய அமைதிப்படையினர் வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கு மேற்பட்ட குடிமக்களைக் கொன்றனர். போர் முடிவுற்ற பின் 2010இல் அரச தரப்பிற் கூறப்பட்ட கணக்கின்படி வடக்கிலும் கிழக்கிலும் 89,000 கைம்பெண்கள் இருந்தனர். இவர்களுக்கு அப்பால், கைம்பெண் என்றும் கூறவியலாத, கணவரைக் காணாது தேடும் மனைவியர் உளர். 2010ஆம் ஆண்டின் தற்காலிகச் சட்டமொன்று, ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவரை இறந்தவராகப் பதிவுசெய்ய இடமளித்தது. அத்தகைய சான்றிதழை ஏற்பது தம் கணவரைத் தாமே கொல்வதற்கு ஒப்பாகும் என்று கருதி மறுத்த பெண்கள் பலர். 2016இல் செய்யப்பட்ட திருத்தம் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் என்னும் இடைநிலை ஆவணத்தை உருவாக்கியது. இருபது, முப்பது ஆண்டுகள் காத்திருந்த பெண்ணொருத்திக்கு, தான் யார் என்பதைச் சொல்வதற்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது.

இந்நிலையில் வடபுலத்துப் பெண்ணின் இக்கட்டு தெளிவாகும். கணவன் இறந்துவிட்டான் என்று ஒப்பினால், அவள் சட்டத்தின் கண்ணில் மனைவி அல்லள். தன் காணியைத் தானே கையாளலாம். அவன் இருக்கிறான் என்று நம்பினால், அவள் மனைவி. மகளின் திருமணத்திற்கோ மகனின் கல்விக்கோ தன் சீதனக் காணியை விற்க நீதிமன்றப் படியேற வேண்டும். நம்பிக்கைக்கும் சொத்துரிமைக்கும் இடையில் ஒன்றைத் தெரிவுசெய்யுமாறு எந்த ஆணையும் இச்சட்டம் கேட்பதில்லை.

இனிக் கொழும்பு மேடைக்கு மீளுவோம். புஷ்பிகா டி சில்வா முடியை மீளப் பெற்றபோது, அதனைத் தனித்து வாழும் தாய்மாருக்குக் காணிக்கையாக்கினார். அவ்வுணர்வு மதிக்கத்தக்கது. ஆயினும், அவர் முடியை மீளப் பெற்றது எவ்வாறு? தாம் இன்னும் சட்டப்படி ஒருவரின் மனைவியே என்று நிறுவியதனால். விவாகரத்துப் பெற்றவர் தகுதியற்றவர் என்ற விதி தீயது என எவரும் மேடையிற் கூறவில்லை. அவ்விதி அவருக்குப் பொருந்தாது என்பதே ஏற்கப்பட்டது. பறித்தவரும் மீள அளித்தவரும் ஒரே அளவுகோலையே பயன்படுத்தினர். தனித்து வாழும் தாய்மாருக்கு முடி காணிக்கையானது. அவர்களுள் விவாகரத்துப் பெற்றவர்க்கோ அம்மேடையில் ஏற உரிமை கிட்டவில்லை.

அழகுப் போட்டிகளை நாம் ஆதரிக்கவில்லை. பெண்ணுடலை அளந்து விலைகூறும் அந்த வணிகத்தின் மீதான முற்போக்காளரின் கண்டனம் நியாயமானதே. ஆனால், மேடையைக் கண்டித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் நாம், வீட்டு உறுதியில் உள்ள அதே விதியைக் காணத் தவறுகிறோம். பெண்களுக்கெதிரான சகல பாகுபாடுகளையும் ஒழிக்கும் ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 1981இல் ஏற்றுக்கொண்டது. அதன் பின்னரும் தேசவழமையின் கணவர் சம்மத விதியைத் திருத்த வேண்டும் என்ற குரல் எழும்போதெல்லாம், அது தமிழரின் தனித்துவத்தைக் குலைக்கும் என்ற மறுப்பு எழுவதுண்டு. தேசவழமை தமிழினத்தின் வரலாற்று அடையாளங்களுள் ஒன்று என்பதை நாமும் ஏற்கிறோம். எனினும், அத்தடை இன்று வழங்கும் வடிவம் 1911இல் பிரித்தானிய ஆட்சியாளரின் சட்டசபை எழுதிய வாசகமாகும். அதனைத் திருத்துவதால் மூதாதையரின் வழக்கு அழிந்துவிடாது.

முடி பற்றிய சர்ச்சை இரு நாட்களில் தீர்ந்தது. தன் பெயரிலுள்ள காணியின் உறுதியோடு நீதிமன்ற வாயிலில் நிற்கும் பெண்ணின் வழக்கு நூறாண்டுகளுக்கு மேலாக நீள்கின்றது. நம் ஆய்வாளரும் சட்டத்துறையினரும் கருத்துச் செலுத்த வேண்டியது அவ்வழக்கிலேயே. அப்பெண்ணின் கையொப்பம் தனித்தே போதுமானது என்று சட்டம் ஏற்கும் நாளில்தான், ‘திருமதி’ என்பது தகுதிச் சான்றாக அன்றி, விரும்பியவர் விரும்பியவாறு சூடிக்கொள்ளும் ஒரு மரியாதைச் சொல்லாக மாறும்.