லயத்துச் சிறுவரின் கைவினையும் திருநாளும்: நானுஓயாத் தோட்டங்கள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

மலையகத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்குச் சான்றுகளுக்குக் குறைவில்லை. கோப்பி, தேயிலை ஏற்றுமதிக் கணக்குகள், துரைமார் சங்கத்தின் ஆண்டறிக்கைகள், சட்டசபை விவாதங்கள், தொழிற்சங்கப் பிரசுரங்கள் என அவை நூலக அடுக்குகளை நிறைத்துக் கிடக்கின்றன. ஆயின், அவ்வாவணங்களிற் சிறுவரைத் தேடிச் செல்பவன் அவர்களை ஆள் எண்ணிக்கைப் பட்டியலிலும் கூலிப் பதிவேட்டிலும் மரண அட்டவணையிலுமே பெரும்பாலும் சந்திக்கிறான். விளையாடிய சிறுவன் அங்கு இல்லை. திருநாளன்று தன் கையாற் செய்த ஒன்றைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு லயத்தின் இக்கோடியிலிருந்து அக்கோடிவரை ஓடிய சிறுமியும் அங்கு இல்லை.

பிரெஞ்சு வரலாற்றாசிரியரான பிலிப் ஆரியே 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், குழந்தைப் பருவம் என்னும் கருத்தே காலந்தோறும் மாறி வந்த ஒன்று என வாதிட்டார். அவரது முடிபுகள் பலவற்றைப் பின்வந்தோர் மறுத்துள்ளனர். எனினும் அவர் எழுப்பிய வினா எமக்கு உரியதே. கொழுந்துக் கூடைக்கு ஏற்ற உயரம் வந்ததும் பெரட்டுக்களத்திற்கு அழைக்கப்பட்ட ஒரு சமுதாயத்திற் குழந்தைப் பருவம் எங்கே இருந்தது? அது சில மாலைப்பொழுதுகளிலும் சில திருநாட்களிலும் இருந்தது என்பதும், அதன் தடயங்கள் சிறுவர் செய்த எளிய பொருட்களிற் பதிந்துள்ளன என்பதும் இக்கட்டுரையின் கருத்து. இதற்கு என் குடும்பத்து முதியோரின் வாய்மொழியும் நானுஓயாவிற் கழிந்த என் சிறுபிராய நினைவுமே பெருமளவில் ஆதாரமாகின்றன. எழுத்தாவணம் மௌனம் சாதிக்குமிடத்து வாய்மொழியை நாடுவதன்றி வேறு வழியில்லை.

முதலிற் காலத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். விளையாட்டுக்குப் பொருளைவிட முதன்மையானது ஓய்வு. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வசதி அளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டமோ ஆண், பெண், சிறுவர் என மூவகையாகக் கூலியைப் பிரித்தது. அதன்படி 1929இல் மலைநாட்டுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். ஒருபுறம் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பு என்ற சட்டம். மறுபுறம் அப்பிள்ளையின் உழைப்புக்கு விலை குறித்த சட்டம். இவ்விரண்டிற்கும் இடையே எஞ்சிய நேரத்திலேதான் பம்பரம் சுழன்றது.

நானுஓயாவின் சிறுவர் கைவினைக்கு ஒரு தனித்தன்மை உண்டெனில், அதற்குக் காரணம் புகையிரதமே. ஏறத்தாழ 5,300 அடி உயரத்திலுள்ள இவ்வூருக்கு நாவலப்பிட்டியிலிருந்து அற்றன் வழியாகப் பாதை வந்து சேர்ந்தது 1885ஆம் ஆண்டில். அப்பாதை 1893இல் அப்புத்தளைக்கு நீளும்வரை எட்டாண்டுகள் இதுவே கடைசி நிலையமாக விளங்கிற்று. 1903இல் இங்கிருந்து நுவரெலியாவுக்கும், அடுத்த ஆண்டில் இராகலைக்கும் ஓர் ஒடுங்கிய பாதை திறக்கப்பட்டது. 1948இல் அது முற்றாக மூடப்பட்டது. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளின் தேயிலைப் பெட்டிகள் இந்நிலையத்திற்கு வந்து கொழும்புக்குச் சென்றன. பெட்டி செல்லும் வழியெல்லாம் உடைந்த பலகையும் வளைந்த தகரமும் கிழிந்த தாளும் சிந்தின. சிந்தியவை சிறுவருக்கு உரியவையாயின.

தேயிலைப் பெட்டியை இன்றைய மாணவர் பலர் கண்டிருக்கமாட்டார்கள். மெல்லிய ஒட்டுப்பலகையாலான சதுரப் பெட்டி அது. ஓரங்களிலே தகரப் பட்டை அடிக்கப்பட்டிருக்கும். தூள் ஈரம் பற்றாதிருக்க உட்புறத்தில் முற்காலத்தில் ஈயத்தகடும், பின்னர் அலுமினியத் தாளும் பொருத்தினர். பலகை பொம்மை வண்டியின் தட்டாயிற்று. தகரப்பட்டை வளைத்தாற் சில்லு. ஒளிரும் தாளோ சகல திருநாட்களுக்கும் உரிய பொன்னும் வெள்ளியுமாயிற்று. மன்மதனின் கிரீடம், கிறிஸ்து பிறப்பின் நட்சத்திரம், பொங்கலன்று மாட்டின் கொம்பிற் சுற்றும் சரிகை எல்லாம் அதுவே. பெயர் மட்டும் மாறவில்லை. அலுமினியம் வந்து பல்லாண்டு சென்ற பின்னும் எம்மவர் அதனை ‘ஈயத்தாள்’ என்றே வழங்கினர். மெய்யாகவே ஈயமாயிருந்த காலத்தில் அதனைப் பல்லாற் கடித்து நறுக்கிய பிள்ளைகள் எத்தனை பேரோ! அன்று அதன் நஞ்சை அறிந்தார் லயத்தில் எவருமிலர்.

பொம்மைப் புகையிரதம் செய்வது நானுஓயாச் சிறுவனுக்குப் பிறவிக் கலை எனலாம். வெற்றுச் சால்மன் டின் நான்கைந்தைக் கிடைநிலையில் வைத்து, சோடாப் போத்தல் மூடிகளை ஆணியால் துளைத்துச் சில்லாக்கி, கம்பியாற் கோத்தால் வண்டித்தொடர் தயார். முன்னால் நிற்கும் டின்னில் ஒரு தேயிலைக் குச்சியைச் செருகினாற் புகைபோக்கி. என் தாத்தா தம் சிறுவயதில் இரண்டு வகையாகச் செய்வாராம்: பெரிய டின்னிற் கொழும்பு வண்டி, சிறிய டின்னில் இராகலை வண்டி. மூடப்பட்ட அவ்வொடுங்கிய பாதையின் நினைவு எங்கள் வீட்டில் அவ்வாறே நிலைத்தது. கவ்வாத்துக் காலத்தில் வெட்டி விழும் தேயிலைக் கட்டை மிக உறுதியானது. மிலாறு அடுப்புக்குப் போக, தடித்த கட்டையொன்றைத் தாத்தா எடுத்து வைப்பார். கவ்வாத்துக் கத்தியால் அதைச் செதுக்கிப் பம்பரமாக்குவார். கத்தி தோட்டத்து வேலைக்குரியது. கூர் மழுங்கினால் ஏச்சு விழும். ஆகவே இரவிலேயே செதுக்கி, விடியுமுன் அதனைத் தீட்டி வைத்துவிடுவாராம்.

சித்திரை மாதம் நுவரெலியாவின் வசந்த காலம். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் கொழும்புச் செல்வரை ஈர்ப்பதற்காக வெள்ளையர் காலத்தில் எழுந்தவை. அக்காலத்தில் நடைபெறும் மோட்டார் மலையேற்றப் போட்டிகளுள் ரதல்ல வீதியில் நடந்ததும் ஒன்று. போட்டி முடிந்த மறுநாள் எங்கள் லயத்துச் சரிவிலும் போட்டி நடக்கும். பலகைத் தட்டுக்கு அடியில் நான்கு மரச்சில்லு, திருப்புவதற்கு ஒரு கயிறு, நிறுத்துவதற்கு இரு குதிகால். கார்கள் மேல்நோக்கி ஏறின. எங்கள் வண்டி கீழ்நோக்கியே ஓடும். அதுதான் வேறுபாடு.

சிறுதேர் தமிழர்க்குப் புதியதன்று. பட்டினப்பாலையில் வரும் மூன்று காற் சிறுதேரையும், ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர்ப் பருவமாய் அமைந்ததையும் நாம் விரிவுரைகளிற் கேட்டிருக்கிறோம். ஆயின் பட்டினப்பாலைச் சிறுவன் பொன் அணிந்த செல்வரின் மகன். லயத்துப் பிள்ளைக்கு நெருங்கிய உறவினன் வடமொழி நாடகமான மிருச்சகடிகத்திலே உள்ளான். அயல்வீட்டுப் பிள்ளையின் பொற்றேரைக் கண்டு, தன் மண்தேர் வேண்டாமென அழும் சாருதத்தன் மகன் அவன். எங்கள் பிள்ளைகளும் பங்களாவின் வேலியூடே துரைமகனின் முச்சக்கர சைக்கிளைப் பார்த்தவர்களே. இந்நிகழ்வை எந்த நாடகாசிரியரும் எழுதவில்லை.

இதுவரை கூறியவை பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் உலகம். இதனை நான் எழுதி முடித்து என் தாயாரிடம் படித்துக் காட்டியபோது, “அப்ப நாங்க எங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெண்பிள்ளைக்கு இருந்த நேரம் அதனினும் குறைவு. பிள்ளைக்காம்பராவிற்கு அனுப்பாத கைக்குழந்தையை இடுப்பிலும், தண்ணீர்க் குடத்தை மறு இடுப்பிலும் சுமந்தவள் அவள். அவளது விளையாட்டுப் பொருள் கந்தற் சேலையிற் சுற்றிய பொம்மை. அல்லது மானாப்புல்லிற் பின்னிய விரல் அளவுக் கொழுந்துக்கூடை. அக்கூடையில் இலை பறித்து நிறைத்து, ஒருத்தி கணக்கப்பிள்ளையாகி நிறுத்து, “ரெண்டு றாத்தல் கொறைச்சிட்டேன், போ” என்று சொல்வது விளையாட்டு. வேலையை விளையாட்டாக நடித்துப் பழகிய பிள்ளை பின்னர் அவ்வேலைக்கே சென்றாள். எனினும் இதனை வெறும் பயிற்சி எனக் கொள்வது பொருந்தாது. கணக்கப்பிள்ளையாக நடித்தவளைப் பார்த்து ஏனையோர் சிரித்தனர் என்பதையும் தாயார் சொன்னார். பகலிற் சிரிக்க முடியாத ஒன்றைப் பார்த்து மாலையிற் சிரித்தனர்.

திருநாட்களுள் தீபாவளியே தோட்டத்திற் பெரிது. அதன் பொருட்டு வழங்கப்பட்ட முற்பணம் பின்னர் மாதந்தோறும் சம்பளத்தில் வெட்டப்பட்டமையால், மகிழ்ச்சியும் கடனும் ஒரே நாளில் லயத்துக்கு வந்தன. அத்திருநாள் கடைவீதியைச் சார்ந்தது. புத்தாடையும் பட்டாசும் வாங்கப்படுபவை. கைவினையின் திருநாள் என நான் கருதுவது காமன் கூத்தையே. மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையிற் காமன் கம்பம் ஊன்றப்படும். இரவுதோறும் தப்பொலி எழும். பௌர்ணமியை ஒட்டிய இரவிலே மன்மத தகனம் நிகழும். வேடம் கட்டுவோர் வளர்ந்தோராயினும், அவர்தம் கிரீடமும் புயகீர்த்தியும் வில்லும் அம்பும் சிறுவர் உதவியின்றி உருவாவதில்லை. அட்டை நறுக்குவதும் ஈயத்தாள் ஒட்டுவதும் எங்கள் வேலை. எஞ்சிய துண்டுகளைக்கொண்டு லயத்துக் கோடியிலே சிறுவர் தமக்கென ஒரு குட்டிக் காமனை நடுவர். முழங்கால் உயரமுள்ள கம்பம், மீன் டின் தப்பு, ஐந்து வயதில் ஒரு ரதி.

வைகாசியில் வெசாக். நானுஓயாக் கடைத்தெருவிற் சிங்களக் குடும்பங்கள் மூங்கிற் சிம்பாற் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி மெழுகுதிரி ஏற்றும் வெசாக் கூட்டை எம்மவர் பிள்ளைகளும் கற்றுக்கொண்டனர். மழை தொடங்கும் காலமாதலால் பெரும்பாலானவை ஓரிரவுக்கு மேல் நிலைப்பதில்லை. சிம்பைப் பத்திரமாகக் கழற்றி வைத்து, அதனையே மார்கழியில் நட்சத்திரமாகக் கட்டும் கத்தோலிக்கப் பிள்ளைகள் எங்கள் லயத்தில் இருந்தனர். ஒரே மூங்கில் ஓராண்டிற் பௌத்தத்திற்கும் கிறிஸ்தவத்திற்கும் ஒளி தந்தது.

இவை யாவற்றையும் பிணைத்தது கோதுமை மாப் பசை. லயத்து உணவு ரொட்டி. ஆகவே மாவுக்குப் பஞ்சமில்லாத வீட்டில் ஒரு கைப்பிடி பசைக்குக் கிடைத்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அக்கைப்பிடியும் இல்லாமற் போயிற்று. உலகச் சந்தையிற் தானிய விலை ஏறியது. நாட்டிற் பங்கீடு குறைக்கப்பட்டது. துண்டு நிலமும் இல்லாத தோட்டத் தொழிலாளரை அது கொடுமையாகத் தாக்கியது. பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. ஆய்வு நூல்கள் அவ்வாண்டுகளை மரண விகிதத்தால் அளக்கின்றன. என் அம்மாயி வேறொன்றால் அளந்தார். “அந்த வருசம் காமனுக்குப் பசை காய்ச்சல சாமி. ரொட்டிக்கே மாவு இல்ல, கிரீடத்துக்கு எங்க போக? சாக்கு நூலப் பிரிச்சித் தச்சோம்.” கூத்து நிறுத்தப்படவில்லை. தாளை அட்டையோடு வைத்து, கோணியூசியால் ஓரமெல்லாம் தைத்த கிரீடத்தை அணிந்து மன்மதன் ஆடினான். ஆடுபவனுக்கும் வயிற்றில் ஒன்றுமில்லை என்று அம்மாயி சேர்த்துச் சொன்னார்.

அதே ஆண்டுகளிலேதான் பயணமும் விரைவுற்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோரானவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென 1964 ஒக்டோபரிற் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. முன்னர் தேயிலைப் பெட்டிகள் சென்ற அந்நிலையத்திலிருந்தே குடும்பங்களும் தலைமன்னாருக்குப் புறப்பட்டன. அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம். அம்மாயியின் தம்பி குடும்பம் நீலகிரிக்குச் சென்றது. தட்டுமுட்டுச் சாமான்களை அவர்கள் கட்டியது பழைய தேயிலைப் பெட்டியொன்றில். அதனுள் அம்மி வைக்க இடமிருந்தது; தகர வண்டிக்கு இடமில்லை என்று விட்டுச் சென்றனர். அவ்வண்டியை வைத்து விளையாடியவர் என் தாயார்.

1975இற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதற் பாடசாலைகளையும் அரசு பொறுப்பேற்றது. 1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் தனியார் கைக்கு மாறிற்று. தேயிலைப் பெட்டியின் இடத்தைக் காகித உறை பிடித்துக்கொண்டது. ஈயத்தாள் அத்தோடு மறைந்தது. இன்று காமனின் கிரீடத்துக்குக் கடையில் வாங்கிய மினுக்குத்தாளே ஒட்டப்படுகிறது. பசையும் குழாயில் வருகிறது. கடந்த மாசியில் நான் விடுமுறையில் ஊர் சென்றிருந்தபோது சிறுவர் அட்டை நறுக்கிக்கொண்டிருந்தனர். இஸ்தோப்பில் அமர்ந்திருந்த அம்மாயி ஒரு கிரீடத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். குழாய்ப் பசை காற்றுக்கு விட்டுவிடும் என்று சொல்லி, ஊசியும் நூலும் கேட்டார்.