சுழலும் பிளேடுகளுக்குப் பின்னே முப்பரிமாணக் காற்றோட்ட அளவீடு

கம்ப்ரஸர், டர்பைன், விசிறி ஆகியவற்றின் சுழலும் பிளேடு வரிசையைக் கடந்துவரும் காற்றின் வேகத்தை அச்சுத்திசை, சுற்றுத்திசை, ஆரத்திசை ஆகிய மூன்றிலும் அளக்கும் முறை. அந்தக் காற்று சீராக வருவதில்லை. ஒவ்வொரு பிளேடும் வேகம் குன்றிய ஒரு பட்டையை, அதாவது ஒரு தடத்தை, தன் பின்னால் விட்டுச்செல்கிறது. பிளேடு நுனிக்கும் உறைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் கசியும் காற்று சுழலாகச் சுருள்கிறது. நாசாவின் ரோட்டார் 37 என்ற சோதனைக் கம்ப்ரஸரில் 36 பிளேடுகள். சுழற்சி நிமிடத்துக்கு 17,188. அதன் பின்னால் ஓரிடத்தில் கருவியை நிறுத்தினால், நொடிக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிளேடுகளின் தடங்கள் அதன்மேல் அடித்துப் போகும்.

1732இல் ஆன்றி பிட்டோ சேன் ஆற்றின் நீரோட்டத்தை அளந்த குழாயின் வழிவந்ததே ஐந்துதுளைக் கருவி. துளைகளுக்கிடையே உள்ள அழுத்த வேறுபாட்டிலிருந்து காற்று வரும் திசையையும் அது சொல்லும். ஆனால் மெல்லிய குழாய்க்குள் அழுத்தம் நிலைகொள்ள நேரம் பிடிக்கும். அதற்குள் எத்தனையோ பிளேடுகள் கடந்துவிடுவதால் கிடைப்பது சராசரி மட்டுமே. தடமும் தடமற்ற காற்றும் அதில் கலந்துவிடும்.

வேகமான கருவிக்கு அடித்தளம் இட்டது எல். வி. கிங் 1914இல் வெளியிட்ட விதி. மின்சாரத்தால் சூடேற்றிய கம்பி இழக்கும் வெப்பத்தைக் காற்றின் வேகத்தோடு அது இணைத்தது. டங்ஸ்டன் சுடுகம்பியின் தடிமன் சுமார் 5 மைக்ரான், தலைமயிரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இத்துறையின் மிக அழகான உத்தி இங்கேதான் பிறந்தது. பிளேடுகளைச் சுழற்றும் தண்டில் ஓர் அடையாளம் இட்டால் சுற்றுக்கு ஒரு மின்துடிப்பு கிடைக்கும். அதைத் தொடக்கமாக வைத்து நூற்றுக்கணக்கான சுற்றுகளின் அளவுகளைப் பிளேடு நிலைவாரியாகச் சராசரி எடுத்தால், தாறுமாறான கொந்தளிப்பு கழிந்து தடம் தெளிவாகத் தெரியும். சாய்வாகப் பொருத்திய ஒரே கம்பியைத் தன் காம்பில் திருப்பித் திருப்பிப் பல கோணங்களில் அளந்தால் மூன்று திசை வேகங்களையும் கணக்கிட்டுவிடலாம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்ட்டனும் இந்தியாவில் பிறந்த லட்சுமிநாராயணாவும் மூன்று கம்பிக் கருவியை ரோட்டாரோடு, அதாவது சுழலும் பிளேடு வரிசையோடு, சேர்த்தே சுழலவிட்டனர். 1976இல் அம்முறை வெளியானது.

கருவியை உள்ளே நுழைத்தாலே ஓட்டம் கலையும் என்ற குறை லேசரால் தீர்ந்தது. 1964இல் யே, கம்மின்ஸ் இருவரும் டாப்ளர் விளைவைக் கொண்டு நீரின் வேகத்தை லேசரால் அளந்தனர். ஜெர்மனியில் ஷோட்ல் இரண்டு ஒளிப்புள்ளிகளை அடுத்தடுத்து அமைத்து, காற்றோடு செல்லும் ஒரு துகள் ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்லும் நேரத்தை அளந்தார். அதே முறையில் எக்கார்ட் 1976இல் மையவிலக்குக் கம்ப்ரஸரின் சுழலிக்குள்ளேயே பார்த்தார். வேகமான தாரையும் மந்தமான பகுதியும் தனித்தனியாகப் பிரிந்து வெளியேறுவது தெரிந்தது. பின்னர் வந்த துகள்பட முறை, இரு கேமராக்களின் உதவியோடு ஒரு தளம் முழுவதையும் ஒரே நொடிப்பில் பதிவுசெய்கிறது.

1994இல் ரோட்டார் 37இன் அளவுகளை மறைத்துவைத்து, கணினிக் கணிப்புகளை அவற்றோடு ஒப்பிட்டனர். பிளேடுகளின் அடிப்பகுதி பொருந்தியிருக்கும் குடத்தருகே அளவீடு காட்டிய அழுத்தக் குறைவைப் பெரும்பாலான கணிப்புகள் காட்டவில்லை. ரோட்டாருக்கு முன்னே, நிற்கும் குடத்துக்கும் சுழலும் குடத்துக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியிலிருந்து கசியும் காற்றைக் கணக்கில் சேர்த்தால் அந்தக் குறைவு தோன்றுகிறது என்று 1997இல் நாசா ஆய்வாளர்கள் காட்டினர்.