1024க்கு 720: கன்சோலின் எல்லைகள் பிசிக்குள் குடியேறிய கதை

2012 ஆகஸ்ட் மாதம். டார்க் சோல்ஸ் கேம் ஒருவழியாக பிசிக்கு வந்தது. கன்சோல்களில் அது 2011லேயே வந்துவிட்டது. பிசியிலும் வேண்டும் என்று ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் ஆன்லைன் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள், கம்பெனியும் இறங்கி வந்தது. காசு கொடுத்து வாங்கி ஆசையாகத் திறந்தவர்களுக்கு முதல் அதிர்ச்சி, படம் மங்கலாக இருந்தது. செட்டிங்ஸில் போய் 1920க்கு 1080 என்று மாற்றினாலும் மங்கல் போகவில்லை. காரணம், கேம் உள்ளுக்குள் ஒவ்வொரு படத்தையும் 1024க்கு 720 அளவில்தான் வரைந்தது. பிறகு அதை இழுத்துப் பெரிதாக்கித் திரையில் ஒட்டியது. வேகமும் விநாடிக்கு 30 ஃப்ரேமோடு பூட்டு. எவ்வளவு விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தாலும் அதே 30தான்.

அன்றைக்கே ஒரு தீர்வும் வந்தது. 'துராந்தே' என்ற பெயரில் இயங்கிய பீட்டர் தோமன் என்பவர் டிஎஸ்ஃபிக்ஸ் என்று ஒரு சின்ன மாட் வெளியிட்டார். கேம் இருக்கிற ஃபோல்டரில் அதைப் போட்டால் 1024க்கு 720 என்ற பூட்டு உடைந்துவிடும், படம் பளிச்சென்று வந்துவிடும்.

ஒரு தனி ஆள் ஒரே நாளில் செய்ததை ஒரு கம்பெனி ஏன் செய்யவில்லை? "சோம்பேறித்தனம்" என்பது அப்போது எல்லோரும் சொன்ன பதில். எனக்கு அது பாதிப் பதிலாகத்தான் தெரிகிறது. மீதிப் பாதியைத் தேடினால், கன்சோலின் எல்லைகள் ஒரே மாதிரியானவை இல்லை என்பது புரியும். சிலது கோடில் ஒரு எண்ணாக மட்டும் இருக்கும். சிலது கேமின் கடிகாரமாகவே மாறிவிடும். இன்னும் சிலது கேம் உலகத்தின் வடிவத்தையே தீர்மானித்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வகை: எண்

1024 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வருகிறது? எக்ஸ்பாக்ஸ் 360இல் (2005) மொத்தம் 512 எம்பி மெமரி. அதோடு கிராபிக்ஸ் சிப்புக்குப் பக்கத்திலேயே 10 எம்பி அதிவேக மெமரி தனியாக உண்டு. வரைகிற படம் இந்தப் 10 எம்பிக்குள் அடங்கினால் வேலை சுலபம். அடங்காவிட்டால் படத்தைத் துண்டு போட்டு வரைய வேண்டும், அதற்கு நேரம் செலவாகும்.

இப்போது கணக்குப் போடுவோம். வெளிச்ச வித்தியாசங்களை நுணுக்கமாகக் காட்ட ஒரு பிக்சலுக்கு நிறத்துக்கு 8 பைட், ஆழத்துக்கு 4 பைட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 12 பைட். 1280க்கு 720 என்ற முழு அளவில் வரைந்தால் 1,10,59,200 பைட் வரும். 10 எம்பி என்பது 1,04,85,760 பைட். கொஞ்சத்தில் தப்பிவிடுகிறது! அகலத்தை 1024 ஆகக் குறைத்தால் 88,47,360 பைட், தாராளமாக அடங்கும். அந்தத் தலைமுறையில் பல கேம்கள் முழு 720க்குக் கொஞ்சம் கீழே நின்றதற்குப் பின்னால் இந்த மாதிரிக் கணக்கு இருந்தது. ஹாலோ 3 (2007) கூட 1152க்கு 640 அளவில்தான் வரைந்தது. டிவியில் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இது உறுத்தாது. ஒன்றரை அடியில் மானிட்டர் வைத்திருக்கிற பிசிக்காரருக்கு உறுத்தும்.

ஆனாலும் இது வெறும் எண். எண்ணை மாற்றினால் போதும். அதனால்தான் தோமனால் ஒரே நாளில் அவிழ்க்க முடிந்தது.

இரண்டாம் வகை: கடிகாரம்

அடுத்து 30 ஃப்ரேம் விவகாரம். டிவி விநாடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும். அப்படியென்றால் ஒரு ஃப்ரேமை வரைந்து முடிக்க 16.7 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். 17வது மில்லிசெகண்டில் முடித்தால்? பஸ் போயாச்சு. அடுத்த பஸ் வரைக்கும் நிற்கணும், அதாவது 33.3 மில்லிசெகண்ட். 60 எட்டாதவர்கள் நேராக 30இல் போய் நிற்பது இதனால்தான். நடுவில் 45, 50 என்று ஓடலாம்தான். ஆனால் சில ஃப்ரேம் ஒரு பஸ், சில ஃப்ரேம் இரண்டு பஸ் என்று ஓட்டம் திக்கித் திக்கி வரும்.

பிரச்சினை எங்கே ஆரம்பிக்கிறதென்றால், கேம் எழுதுகிறவர் "இந்த மெஷினில் எப்போதும் 30தான்" என்று நம்பிவிடும்போது. ஒரு பாத்திரம் ஃப்ரேமுக்கு 2 அடி நகரும் என்று எழுதிவிட்டால் 30 ஃப்ரேமில் விநாடிக்கு 60 அடி ஓடும். 60 ஃப்ரேமில் 120 அடி. கடந்த ஃப்ரேமிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துப் பெருக்குவதுதான் முறையான வழி. ஒரே மெஷினுக்கு எழுதுகிறவருக்கு அந்தக் கூடுதல் வேலை தேவையில்லாததாகத் தெரியும்.

இது புது நோய் இல்லை. ஐரோப்பாவின் டிவிகள் விநாடிக்கு 50 முறைதான் புதுப்பித்தன. 60ஐ நம்பி எழுதிய சோனிக் (1991) அங்கே போனபோது, பாட்டு உட்பட எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. வேகத்துக்காகவே விளம்பரம் செய்யப்பட்ட கேம் அது!

டார்க் சோல்ஸிலும் இதுதான் நடந்தது. டிஎஸ்ஃபிக்ஸின் பிந்தைய பதிப்பில் 30 பூட்டையும் திறக்க வழி வந்தது. திறந்தால் படம் வெண்ணெய் மாதிரி ஓடியது, ஆனால் வேறு சிலது உடைந்தது. ஓடித் தாண்டும் தூரம் குறைந்தது. ஏணியில் சறுக்கி இறங்கினால் சில இடங்களில் தரையைத் துளைத்துக்கொண்டு பாத்திரம் பாதாளத்துக்குப் போனது. எண்ணை மாற்றுவது போல இதை மாற்ற முடியவில்லை, ஏனென்றால் 30 என்பது அந்த உலகத்தின் இதயத்துடிப்பு.

இதில் பாடம் கற்றிருப்பார்கள் என்று நினைப்போம். டார்க் சோல்ஸ் 2 (2014) பிசியில் 60 ஃப்ரேமில் நன்றாகவே ஓடியது. ஆனால் ஆயுதங்கள் இரண்டு மடங்கு சீக்கிரம் தேய்ந்தன. கத்தி எதன் மீதாவது பட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தேய்மானம் கணக்கானதால், இரண்டு மடங்கு ஃப்ரேமுக்கு இரண்டு மடங்கு தேய்மானம். நல்ல கம்ப்யூட்டர் வைத்திருந்தவருக்குக் கிடைத்த தண்டனை இது. சரிசெய்ய 2015 ஆனது.

மூன்றாம் வகை: உலகத்தின் வடிவம்

மேலே சொன்ன இரண்டையும் எப்படியோ சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது ஒன்று உண்டு. அதற்கு இன்னும் பின்னால், அயன் ஸ்டார்ம் ஆஸ்டின் ஸ்டூடியோவுக்குப் போகணும்.

2000இல் வந்த டியஸ் எக்ஸ் பிசிக்காகவே எழுதப்பட்டது. அதன் முதல் கட்டமே சுதந்திர தேவி சிலை இருக்கும் தீவு. தீவைச் சுற்றி எந்தப் பக்கமாகவும் போகலாம், எந்த வழியாகவும் சிலைக்குள் நுழையலாம், நடுவில் லோடிங் வந்து நிறுத்தாது. இரண்டாம் பாகம் இன்விசிபிள் வார் 2003 டிசம்பரில் எக்ஸ்பாக்ஸுக்கும் பிசிக்கும் சேர்ந்து வந்தது. எக்ஸ்பாக்ஸில் மொத்த மெமரி 64 எம்பி. ப்ராசசருக்கும் கிராபிக்ஸுக்கும் சேர்த்து அவ்வளவுதான். அதே சமயத்தில் பிசிகளில் 256, 512 எம்பி சகஜமாகியிருந்தது.

விளைவு, நகரங்கள் குட்டிக் குட்டி அறைகளாக நறுக்கப்பட்டன. ஒரு தெருவைக் கடந்தால் லோடிங், ஒரு கட்டடத்துக்குள் போனால் லோடிங். பிசியில் இன்னும் கூத்து. ஒவ்வொரு லோடிங்கின்போதும் புரோகிராம் தன்னையே மூடிக்கொண்டு மறுபடி திறந்தது. அதே தொழில்நுட்பத்தில் 2004இல் வந்த தீஃப்: டெட்லி ஷாடோஸிலும் இதே கதை.

இதற்கு எந்தக் கிராபிக்ஸ் கார்டு மருந்து? உலகத்தையே சின்னதாகத் திட்டமிட்டு வரைந்துவிட்டார்கள். வீட்டைக் கட்டி முடித்தபின் "ஹாலை அகலமாக்குங்க" என்று சொல்வது போலத்தான். தீஃப் ரசிகர்கள் பிற்பாடு துண்டான மேப்புகளைத் தைத்துச் சேர்த்தார்கள். ஆனால் முதலிலிருந்தே பெரிதாக யோசிக்கப்பட்ட ஒரு இடத்தைத் தையல் போட்டு உண்டாக்க முடியாது.

அப்படியென்றால் கன்சோல்தான் வில்லனா?

அப்படிச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. 1990இல் நிலைமை தலைகீழ். நிண்டெண்டோவின் என்இஎஸ்ஸில் வேலை மெமரி வெறும் 2 கேபி. ஆனால் திரையை மென்மையாக நகர்த்துவதற்கென்றே அதில் தனி வன்பொருள் இருந்தது. பல மடங்கு விலையுள்ள பிசியால் மாரியோ மாதிரி ஒரு கேமைச் சீராக நகர்த்த முடியவில்லை. ஜான் கார்மாக் தலையைப் போட்டு உடைத்து, மாறிய கட்டங்களை மட்டும் திரும்ப வரையும் தந்திரத்தைக் கண்டுபிடித்தார். அந்தக் குழு மாரியோ 3ஐயே பிசியில் செய்து நிண்டெண்டோவுக்கு அனுப்பிப் பார்த்தது, நிண்டெண்டோ வேண்டாம் என்றது. அதே தந்திரத்தோடு 1990 டிசம்பரில் கமாண்டர் கீன் வந்தது. எல்லை என்பது அங்கே ஒரு புது வழியைத் திறந்துவிட்டது.

அதேபோல, 2013இல் பிஎஸ்4உம் எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் பிசி வகை ப்ராசசரோடு வந்தபோது, "இனி போர்ட் பிரச்சினையே இருக்காது" என்று பலர் நம்பினார்கள். 2015 ஜூனில் பேட்மேன்: ஆர்க்கம் நைட் பிசியில் 30 பூட்டோடும் திக்கலோடும் வந்து, ஒன்றிரண்டு நாளிலேயே விற்பனை நிறுத்தப்பட்டு, அக்டோபரில்தான் திரும்பியது. உள்ளே இருக்கும் ப்ராசசர் ஒரே இனம் என்பது மட்டும் போதாது. பிஎஸ்4இல் 8 ஜிபி மெமரி முழுக்க ஒரே குளம். பிசியில் ப்ராசசருக்கு ஒரு குளம், கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு குளம், நடுவில் வாய்க்கால். கன்சோலில் கிராபிக்ஸ் சிப் ஒன்றே என்பதால் ஷேடர்களை முன்கூட்டியே தயார்செய்து டிஸ்க்கிலேயே கொடுத்துவிடலாம். பிசியில் எந்த கார்டு இருக்குமோ தெரியாது, வீட்டுக்கு வந்தபின்தான் சமைக்கணும். ஆட்டத்தின் நடுவில் சமைத்தால் திக்கும்.

பால்டர்ஸ் கேட் 3 (2023) இன்னொரு பக்கத்தைக் காட்டியது. அது பிசியில் ஆகஸ்டில் வந்தது. 10 ஜிபி மெமரி கொண்ட எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் இருவர் திரையைப் பிரித்து ஆடும் வசதி ஓடாததால் எக்ஸ்பாக்ஸ் பதிப்பு டிசம்பர் வரை தள்ளிப்போனது. கடைசியில் அந்த மெஷினில் மட்டும் அந்த வசதியை விட்டுவிட்டு வெளியிட்டார்கள். பிசி பதிப்பு இதனால் சுருங்கவில்லை, ஏனென்றால் அந்தக் கேமின் பிறந்த வீடு பிசி.

என் முடிவு இதுதான். கேம் எந்த மெஷினை மனதில் வைத்து முதலில் யோசிக்கப்பட்டது, மற்ற மெஷின்களுக்கு எப்போது ஆளும் நேரமும் ஒதுக்கினார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால், போர்ட் எப்படி இருக்கும் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். டார்க் சோல்ஸ் குழு தங்களுக்கு பிசி அனுபவம் குறைவு, இது நேரடி போர்ட்தான் என்று வெளியீட்டுக்கு முன்பே பேட்டிகளில் ஒத்துக்கொண்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை.

தோமன் பிறகு போர்ட் செய்வதையே தொழிலாக்கி, பிஎச்3 என்ற நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரானார். 2018இல் 60 ஃப்ரேமில் ஓடும் ரீமாஸ்டர்ட் டார்க் சோல்ஸ் வந்தது. அதோடு பழைய பிசி பதிப்பு ஸ்டீமில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. எக்ஸ்பாக்ஸ் 360இன் உற்பத்தி 2016லேயே நின்றுவிட்டது. ஆனால் அந்தப் பழைய பதிப்பை முன்பே வாங்கி வைத்திருப்பவர் இன்று எவ்வளவு புதிய பிசியில் திறந்தாலும், மாட் போடாதவரை, கேம் 1024க்கு 720இல்தான் வரையும்.