கடைசிப் பாடத்துக்கு நேரம் இல்லை

அக்டோபர் பிறந்ததும் உத்தமபாளையம் பேருந்து நிலையத்தில் சாயங்காலம் ஒரு விசாரிப்பு தொடங்கிவிடும். கோம்பை, சின்னமனூர், கம்பம் என்று ஆளுக்கொரு ஊர்ப் பள்ளியில் படிக்கிற பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிற இடம் அது.

“ஹிஸ்டரில உங்க சார் எது வரைக்கும் நடத்திட்டாரு?”

“அமெரிக்கப் புரட்சி முடிஞ்சிருச்சு. இப்ப பிரான்ஸ் ஓடுது.”

“எங்களுக்கு இன்னும் காந்தியே முடியலடா.”

சொன்னவன் முகம் அதோடு வாடிப்போகும். மறுநாள் வகுப்பில் வந்து, “சார், அவங்களுக்கெல்லாம் போர்ஷன் முடியப்போகுது சார்” என்பான். பணி ஓய்வு பெறும் வரை இதைக் கேட்டுக்கொண்டே வரலாறு நடத்தியவன் நான். அந்தப் பிள்ளைகளின் பயம் நியாயமானது. எந்த வகுப்பு எந்த வேகத்தில் போனாலும், மார்ச் மாதம் எல்லோர் முன்னாலும் விரிவது ஒரே வினாத்தாள்தானே.

இந்தப் பயத்துக்கு நம் மாநிலத்தில் நீண்ட வரலாறு உண்டு. 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வுதான் மாகாணம் முழுவதும் உயர்நிலைப் பள்ளிகள் எதை நடத்த வேண்டும் என்று முடிவு செய்தது. பிறகு எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. பெயர் மாறியதே தவிர, தேர்வை வைத்துப் பாடத்தை அளக்கும் பழக்கம் மாறவில்லை. 1948-49-ல் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் அது தேர்வு முறையில் இருக்கட்டும் என்றது. 1952-53-ல் இடைநிலைக் கல்விக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் லட்சுமணசாமி முதலியார். அந்தக் குழுவும் தேர்வின் பிடி தளர வேண்டும் என்றே சொன்னது.

உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-ல் வந்தது. அதற்கு முன் கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் பள்ளிப் படிப்புக்கு மேல் படிக்க மதுரைக்கோ அதற்கும் அப்பாலோ போக வேண்டும். கல்லூரி வந்த பின் வீட்டுச் சோறு தின்று பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பைப் படிக்க முடிந்தது. என் அண்ணன் படித்தது அப்படித்தான். பி.யூ.சி. ஒரே வருஷம். சேர்ந்து, புத்தகம் வாங்கி, ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் காதில் ஏறுவதற்குள் தேர்வு வந்துவிடும் என்பார்.

1978-ல் பி.யூ.சி. போய், மேல்நிலைப் படிப்பு பள்ளிக்கூடத்துக்கே வந்தது. நான் அந்த முதல் அணி. 1980-ல் தேர்வு எழுதினோம். இரண்டு வருஷம் கிடைத்ததால் மூச்சுவிட நேரம் கிடைக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பொதுத்தேர்வு இரண்டாம் வருஷத்துக்கு மட்டும்தான். மருத்துவமும் பொறியியலும் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்தே கிடைத்த காலத்தில், பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருஷமும் பிளஸ் டூவையே நடத்தும் பள்ளிகள் பெருகின. அதைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். அமெரிக்காவில் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ பாடங்கள் உண்டு. முதல் தேர்வுகள் நடந்தது நம் கல்லூரி பிறந்த அதே 1956-ல். அதன் அமெரிக்க வரலாற்றுப் பாடம் 1491-ல் தொடங்கி இன்று வரை ஒன்பது காலகட்டங்களாக ஓடுகிறது. அங்கே தென்மாநிலங்களில் பல பள்ளிகள் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே திறந்துவிடும். வடகிழக்கில் செப்டம்பர் ஆகும். தேர்வு மட்டும் எல்லோருக்கும் மே மாதம். “நீங்க உள்நாட்டுப் போருக்கு வந்துட்டீங்களா?” என்று அந்தப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். 1980-க்குப் பிந்தைய கடைசிக் காலகட்டத்துக்குத் தேர்வில் கிடைக்கும் பங்கு நான்கு முதல் ஆறு சதவீதம்தான்.

அவசரத்தில் அடிபடுவது எப்போதும் கடைசிப் பகுதி. வாய்க்காலில் தலைமடை வயல் நிறைய நிறையக் குடித்துவிட, கடைமடை வெடித்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வரலாற்றுப் புத்தகமும் அப்படித்தான். 2019-ல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் 15 பாடங்கள். முதல் ஒன்பது இந்தியா, மீதி ஆறு உலகம். தேசியத்தின் எழுச்சியை ஜூன், ஜூலையில் நிறுத்தி நிதானமாக நடத்துவோம். விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவைச் சொல்லும் எட்டாவது பாடத்துக்கு வரும்போது அரையாண்டுத் தேர்வு கண்ணில் தெரியும். பதினைந்தாவது பாடமான இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய உலகத்தில், புத்தகத்தின் பின்பக்கக் கேள்விக்கு மட்டும் விடை குறித்துத் தருகிற வகுப்புகள் உண்டு.

அந்த எட்டாவது பாடத்தில்தான் மொழிவாரி மாநிலங்கள் வருகின்றன. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. நம் வயலுக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணை பீர்மேடு தாலுகாவில் இருக்கிறது. 1886-ல் திருவிதாங்கூரும் சென்னை அரசும் 999 வருஷக் குத்தகை எழுதின. 1895-ல் அணை முடிந்தது. இன்றும் ஜூன் மாதம் தண்ணீர் திறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் நெல் நடவாகும். விடிவதற்குள் ஜீப் ஏறி மலைமேல் கேரளத்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை, அந்த எல்லை எப்படி விழுந்தது என்பதைப் போர்ஷன் அவசரத்தில் அரை பீரியடில் கேட்டுவிட்டுப் போகிறது. இது என்னால் தாங்க முடியாத ஒன்று.

அதனால் என் வகுப்பில் வரிசையை மாற்றினேன். பள்ளி திறந்த முதல் வாரத்தில் எட்டாவது பாடம். மாநிலங்களின் வரைபடத்தைப் பிள்ளைகளே வரைவார்கள். தேவிகுளம், பீர்மேடு, குமுளி, கம்பம் நான்கையும் குறிப்பார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வருவார்கள். அதற்குப் பிறகு முதல் பாடத்துக்குப் போவோம். இந்த எல்லையைப் பார்த்தவர்களுக்குத் தேசியம், காங்கிரஸ், மொழி என்ற சொற்கள் வரும்போது எதற்காகப் படிக்கிறோம் என்பது புரிந்திருந்தது. ஏன் முன்னால் நடத்தினேன் என்பதைப் பாடக்குறிப்பு ஏட்டில் எழுதிவைத்தேன். ஆய்வுக்கு வந்தவர்கள் படித்தார்கள், கையெழுத்திட்டார்கள்.

போர்ஷனை முடிக்க வேண்டாம் என்று நான் எந்த ஆசிரியருக்கும் சொல்ல மாட்டேன். தேர்வு எழுதப்போகும் பிள்ளைக்குச் செய்யும் துரோகம் அது. எந்தப் பாடம் கடைசியில் நிற்க வேண்டும் என்பதை மட்டும் புத்தகத்தின் வரிசைக்கு விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர் எந்தப் பாடத்தில் இருக்கிறதோ, அதை ஜூன் மாதத்திலேயே எடுங்கள்.