ஓய்வு வயதும் ஊரார் எண்ணமும்

தருமபுரி மாவட்டத்துக் கடத்தூர் போன்ற பேரூர்களில் உழவருக்கும் கடைக்காரருக்கும் ஓய்வு வயது என ஒன்றில்லை. உடல் தளரும் நாளே அவர்தம் ஓய்வு நாள். அரசு அலுவலருக்கும் ஆசிரியருக்குமோ அந்நாள் பணிப் பதிவேட்டின்படி முன்னரே உறுதியாகிவிடுகிறது. அவ்வெல்லையை வகுப்பது உடலின் தளர்ச்சியா, கருவூலத்தின் கணக்கா? வரலாற்றை நாம் வினவுவோம்.

தமிழகத்தில் 55 ஆக இருந்த அரசு ஊழியரின் ஓய்வு வயது, 1979-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் 58 ஆயிற்று. நான்காண்டுகள் கழித்து அண்டை மாநிலமான ஆந்திரத்தில் காற்றுத் திசை மாறி வீசிற்று. 1983 பிப்ரவரியில் என்.டி. ராமராவ் அரசு, இளைஞருக்கு வேலை கிட்டும் எனக் கூறி, 58-ஐ 55 ஆகக் குறைத்தது. அம்மாத இறுதியிலேயே பல்லாயிரவர் பணியிழந்தனர். பிள்ளைகளின் படிப்பையும் திருமணத்தையும் எஞ்சிய மூன்றாண்டு ஊதியத்தை நம்பித் திட்டமிட்டிருந்த குடும்பங்களின் நிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. குறைத்தது செல்லும் என 1985 சனவரியில் தீர்ப்பாயிற்று. ஆனால் அதற்கு முன்பே, 1984 ஆகஸ்டில், வயது மீண்டும் 58 ஆகியிருந்தது! இடையில் வெளியேற்றப்பட்டு 58 நிறையாதிருந்தோரின் உரிமையையும் அந்நீதிமன்றம் பின்னர் ஏற்றது.

தமிழகத்தில் 2020 மே மாதம், கொரோனா நெருக்கடியிடையே, வயது 59 ஆயிற்று. 2021-இல் 60 ஆயிற்று. ஓய்வு பெறுவோருக்கு ஒருசேர வழங்கவேண்டிய பெருந்தொகை அரசுக்குத் தள்ளிப்போயிற்று. இம்முறை மனக்குறை எழுந்தது, தேர்வெழுதிக் காத்திருந்த இளைஞரிடமிருந்து.

பிற நாடுகளிலும் எண்ணம் ஒன்றாக இல்லை. வயதைக் காட்டி வெளியேற்றுவது பாகுபாடு எனக் கருதி, அமெரிக்கா 1986-இல் பெரும்பாலான பணிகளில் கட்டாய ஓய்வை நீக்கியது. பிரான்சிலோ, ஓய்வூதிய வயதை 62-லிருந்து 64 ஆக உயர்த்த 2023-இல் சட்டம் வந்தபோது மக்கள் தெருவில் திரண்டனர். நம்மவர் பலர் பிழைக்கச் சென்ற மலேசியாவில் 2013 சூலை முதல் நடப்புக்கு வந்த சட்டம், 60 வயதுக்கு முன் வயதைக் காரணங்காட்டி ஊழியரை ஓய்வுக்கு அனுப்பலாகாது எனத் தனியார் முதலாளிகளைத் தடுத்தது.

ஓய்வூதியம் உறுதியாயின் உழைத்தவர் விடுதலையை விரும்புகிறார். அது ஐயமாயின் நாற்காலியைப் பற்றிக்கொள்கிறார். நம் நாட்டிலோ தந்தையின் நாற்காலியும் மகனின் காத்திருப்பும் ஒரே கூரையின் கீழ் உள்ளன. காலியிடங்களை உரிய காலத்தில் நிரப்பாமல் வயதை மட்டும் ஏற்றுவதும் இறக்குவதும், ஒருவர் தட்டிலிருந்து எடுத்து மற்றவர் தட்டில் வைப்பதன்றி வேறென்ன?