சிங்கோனாவும் இலங்கையும்

மலேரியாக் காய்ச்சலுக்கு நெடுங்காலம் கைகண்ட மருந்தாய் விளங்கியது கொயினா. தென்னமெரிக்க மலைச்சாரலுக்குரிய சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து, 1820ஆம் ஆண்டில், பெல்லெற்றியர், காவெந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் அதனைப் பிரித்தெடுத்தனர். குருதியிற் பெருகும் நோய்க்கிருமியை அது அழிக்கும். அளவு மிஞ்சினாற் காதிரைச்சலும் பார்வைக் கேடும் விளைவிக்கும்.

1861இல் சிங்கோனா, நுவரெலியாவை அடுத்த ஹக்கலையில் நடப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழியவே, தோட்டக்காரர் பலர் இம்மரத்தை நாடினர். 1880களிற் பட்டை ஏராளமாய் ஏற்றுமதியாயிற்று. சந்தையிற் குவிந்தமையால் விலை வீழ்ந்தது. உடனே சிங்கோனாவை நீக்கித் தேயிலையை நட்டனர். கொயினா வாணிகம் யாவாத் தீவின் வசமாயிற்று.

1934இல் மழை பொய்த்தது. வற்றிய ஆறுகளின் குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் பகுதிகளிற் காய்ச்சல் வீடுதோறும் புகுந்தது. 1935 வரையில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். உலகுக்குப் பட்டை விற்ற நாடு, அன்று கொயினாவைப் பிறநாட்டிலிருந்து வாங்கி ஊரூராய் வழங்கிற்று.

2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. எனினும், மருந்தை விலையொன்றாலேயே மதித்த காலத்தின் பாடம் மறக்கற்பாலதன்று.